முப்பத்தாறாவது கூடமும் ஒத்தக்கடையும்

சென்ற பருவத்தில் ஒரு பிற்பகல். புறநானூற்றின் 80ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். போரவைக்கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருத காட்சி. பாடலின் பாதியிலேயே பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "சார், குங்ஃபூவே நாமதான சீனாக்காரனுக்குக் கத்துக் குடுத்தோம்?" வகுப்பு கைதட்டி ஆரவாரித்தது. இருபது வயதில் இப்படியொரு பெருமிதம் இருப்பதில் தவறில்லை. எனினும் மணி அடித்துவிட்டதால் விடை சொல்லாமலேயே வெளியேறினோம். அந்த விடையை எழுதத் தொடங்கியபோதுதான், நாம் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளாக எந்தக் கூச்சமுமின்றிச் சுவைத்துவரும் ஒரு கலையைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை எழுதியதில்லை என்பது உறைத்தது. தமிழாசிரியர் குங்ஃபூ படங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்கும் நண்பர்கள் இக்கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள்க.

மதுரையில் நமக்கு மூத்த தலைமுறையினரிடம் ஆங்கிலப்படம் என்று சொன்னால் உடனே ரீகல் என்பார்கள். மேலவெளி வீதியில், தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி நிற்கும் விக்டோரியா எட்வர்ட் மன்றக் கட்டடம்தான் அது. பகலில் வாசகசாலை, மாலையானால் அதே கட்டடத்தில் ரீகல் டாக்கீஸ். பிற்காலத்தில் தங்கரீகல் என்று பெயர் மாறியது. பகலெல்லாம் நாளிதழ் புரட்டியவர்கள் எழுந்து போனபின் அங்கே மேலைநாட்டுக் குதிரைவீரர்கள் வந்து சுடுவார்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து அவ்வரிசையில் சீனர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் புரூஸ் லீ இறந்தபோது அவருக்கு வயது 32. 'எண்டர் தி டிராகன்' அமெரிக்காவில் வெளியானது அதற்கு அடுத்த மாதம். ஆக, மதுரைக்கு அவர் வந்து சேர்ந்ததே இறந்தபின்னர்தான். நம் சிற்றப்பா அந்நாளில் ஒத்தக்கடையிலிருந்து மிதிவண்டியில் சென்று புரூஸ் லீ படம் பார்த்துத் திரும்பியவர். படம் விளங்கியதா என்று கேட்டால், "சண்டைக்கு எதுக்குடா பாஷை?" என்பார்.

நமக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. நாம் கண்டதெல்லாம் டெக்கு. 1990ஆம் ஆண்டு, நமக்குப் பதினொரு வயது. அம்மன் கோயில் பொங்கலுக்கு வாடகைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் எடுத்து, தெருவின் நடுவே மேசை போட்டு, விடியவிடிய மூன்று படம் ஓட்டுவார்கள். முதற்படம் எம்.ஜி.ஆர். படமாக இருக்கவேண்டும் என்பது எழுதப்படாத விதி. அது பெரியவர்களுக்கு. இரண்டாவது ரஜினி. பெண்களும் குழந்தைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபின், பின்னிரவு இரண்டு மணிக்குமேல் தொடங்கும் மூன்றாவது படம்தான் இளைஞர்களுக்கானது. நாம் திண்ணையில் உறங்குவதுபோல் கிடந்து அதைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் குரல் கொடுக்கப்பட்ட சீனப்படம். வாய் ஒரு பக்கம் அசையும், சொல் வேறொரு பக்கம் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறிய அண்ணன் ஒருவர் தொலைக்காட்சிக்கு அருகில் அமர்ந்து கதை சொல்வார். அவர் சொன்ன கதைகளுக்கும் உண்மைக் கதைகளுக்கும் பெரிய தொடர்பில்லை என்பது பின்னாளில் தெரிந்தது. அவர் கதைகளே நன்றாயிருந்தன என்பதையும் இங்குப் பதிவுசெய்ய வேண்டும்.

அத்தகைய இரவொன்றில்தான் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' (1972) பார்த்தோம். ஷாங்காய் நகரில் தம் ஆசானாகிய ஹுவோ யுவான்ஜியா இறந்துவிட, அச்சாவுக்குப் பழிவாங்கப் புறப்படும் மாணவனின் கதை. ஹுவோ வரலாற்று மனிதர், 1910இல் மறைந்தவர். படத்தில் புகழ்பெற்ற காட்சி பூங்கா வாயிலில் நிகழ்வது. நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்றொரு பலகை தொங்குகிறது. புரூஸ் லீ எகிறி அதை உதைத்து நொறுக்குகிறார். தெருவே விசிலடித்தது. வெள்ளையன் ஆண்ட ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தப் பலகையை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவையா என்ன!

ஆனால் அக்காட்சியில் இன்னொருவரும் இருக்கிறார். புரூஸ் லீயைத் தடுத்து, பலகையைச் சுட்டிக்காட்டி 'உள்ளே போகாதே' என்று சொல்லும் வாயிற்காவலர். தலைப்பாகையும் தாடியுமாக நிற்கும் சீக்கியர். ஷாங்காயின் அயலார் குடியிருப்பில் ஆங்கிலேயர் சீக்கியக் காவலர்களைப் பணிக்கு அமர்த்தியிருந்தது வரலாறு. எனவே இது இயக்குநரின் கற்பனைக் குறும்பு அன்று. சீனரின் நினைவில் இந்தியரின் முகம் அப்படித்தான் பதிந்திருந்தது. அன்றிரவு நம் தெருவில் ஒருவர்கூட அக்காவலரை நம்மவர் என்று எண்ணவில்லை. நாமும் எண்ணவில்லை. கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தபின், குறுந்தகட்டில் மறுபடி பார்த்தபோதுதான் அந்தத் தலைப்பாகை கண்ணில் குத்தியது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். 2011 தீபாவளிக்கு 'ஏழாம் அறிவு' வெளிவந்தபின், காஞ்சிப் பல்லவ இளவரசர் போதிதருமர் சீனம் சென்று ஷாவோலின் துறவியர்க்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது நம் பிள்ளைகளுக்கு ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகிவிட்டது. சான்றுகள் என்ன சொல்கின்றன? போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் யாங் சுவான்ஷி என்பார் 547இல் எழுதிய லோயாங் மடாலயங்கள் பற்றிய பதிவு. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. ஒரு கோபுரத்தைக் கண்டு வியந்து போற்றுகிறார், அவ்வளவே. அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் அவரைத் தென்னிந்தியப் பேரரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறார். இது நமக்கு உவப்பான செய்திதான். ஆயினும் காஞ்சி என்ற பெயரோ பல்லவர் என்ற பெயரோ அங்கில்லை. 1004ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் வரும் அரசன் பெயரைக் காஞ்சி எனப் படிப்பது பிற்காலத்தார் ஊகம். இவற்றுள் எதிலும் குத்தும் இல்லை, உதையும் இல்லை. போதிதருமரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போட்டது 'ஈஜின் ஜிங்' என்ற நூல். அது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முன்னுரைகள் போலியானவை. 1930இலேயே தாங் ஹாவ் என்னும் சீன ஆய்வாளர் இக்கதையை ஆராய்ந்து தள்ளிவிட்டார். அதனால் அவருக்குச் சொந்த நாட்டில் நல்ல பெயர் கிடைத்திருக்காது என்று நினைக்கிறோம்!

இந்தியத் தொடர்பே இல்லையா? உண்டு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷாவோலின் மடம் எழுப்பப்பட்டதே பத்துவோ என்று சீனர் அழைத்த இந்தியத் துறவிக்காகத்தான். 621இல் அம்மடத்துத் துறவியர் பின்னாளில் டாங் பேரரசனான லி ஷிமினுக்குப் போரில் துணைநின்றதை 728இல் நாட்டப்பட்ட கல்வெட்டு சொல்கிறது. நம் ஒத்தக்கடை நரசிங்கத்தில், யானைமலையைக் குடைந்து மாறன்காரி எடுத்த கோயிலின் கிரந்தக் கல்வெட்டு கலி 3871, அதாவது 770. இரண்டு கற்களுக்கும் இடையே 42 ஆண்டுகள்தாம். இதனால் ஒன்றும் நிறுவப்படவில்லை. மனத்துக்கு இதமாக இருக்கிறது, சொல்லிவைத்தோம்.

பத்துவோவை எந்தக் கதாநாயகரும் திரையில் நடிக்கவில்லை. அவர் யாரையும் அடிக்கவில்லையே! போதிதருமரை நம்மவர் என்று மார்தட்டும் நாம், பூங்கா வாயிலில் நின்ற காவலரை மட்டும் யாரோ என்று விட்டுவிடுகிறோம். உறவு கொண்டாடுவதென்றால் இருவரோடும் கொண்டாட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் உறவுகள் வேறு சில உண்டு. அவை எளியவை, ஆகவே யாரும் பேசுவதில்லை. குங்ஃபூ படங்களை ஆலைபோல் உருவாக்கித் தள்ளிய ஷா சகோதரர்கள் ஷாங்காயில் 1925இல் தொழில் தொடங்கியவர்கள். ஹாங்காங் கிளியர்வாட்டர் பேயில் 1961இல் பெரும் படப்பிடிப்பு நகரத்தைத் திறப்பதற்கு முன்பே, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குவதற்கு இந்தியர்களை வரவழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர், பி. ராம்லியைக் கதாநாயகனாக உயர்த்திய 'பக்தி' (1950) அவர் இயக்கியது. பிற்காலத்தில் சண்டைக்குப் பேர்போன அந்நிறுவனத்தின் மலாய்ப் படங்களில் நம் திரையின் பாட்டும் கண்ணீரும் முன்பே கலந்திருந்தன. இந்தப் பக்கம் பார்த்தால், ஜூடோ ரத்னம் 'முரட்டுக்காளை' (1980) தொடர்வண்டிச் சண்டையை அமைத்த காலத்தில் நம் கதாநாயகர்கள் கையை விட்டுக் காலால் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். நம் மதுரைக்காரர் விஜயகாந்த் சுவரில் கால்வைத்து எழும்பிச் சுழன்று உதைத்தபோது, ரீகலில் மணலும் வியர்வையுமாகப் பார்த்த அந்தப் பழைய படங்களைத்தான் ஊர் மீண்டும் பார்த்தது என்பது நம் துணிபு.

எழுபதுகளின் குங்ஃபூ படங்களில் நமக்கு முதன்மையானது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வோம்: 1978இல் லாவ் கார்-லியுங் இயக்கிய 'ஷாவோலினின் முப்பத்தாறாவது கூடம்'. நம் தெருவுக்கு வந்த கேசட்டில் 'மாஸ்டர் கில்லர்' என்றிருந்தது. உண்மைப் பெயர் தெரியப் பத்தாண்டு ஆயிற்று. இயக்குநர் வெறும் திரைக்காரர் அல்லர். அவர் தந்தையின் ஆசான் லாம் சாய்-விங். லாமின் ஆசான் வரலாற்றுப் புகழ்பெற்ற வாங் ஃபெய்-ஹுங். அவ்வாறு ஒரு பரம்பரையில் வந்தவர். 

கதை எளிது. மஞ்சு ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி ஓடிவரும் மாணவன், கோர்டன் லியூ நடித்த பாத்திரம், ஷாவோலின் மடத்தில் சேர்கிறான். முப்பத்தைந்து கூடங்களில் பயிற்சி. ஆவலில் நேரே மிக உயர்ந்த கூடத்துக்குப் போகிறான். அங்கே துறவியர் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை, தூக்கி எறியப்படுகிறான். பிறகு அடியிலிருந்து தொடங்குகிறான். நீரில் மிதக்கும் கட்டைகளில் கால்வைத்துக் கடந்தால்தான் உணவுக்கூடம். விழுந்து விழுந்து ஈரத்துணியோடு பசித்துக் கிடக்கிறான். அடுத்து, நீட்டிய கைகளில் நீர்வாளிகள். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேற்கையில் கத்திகள். அப்படியே மேட்டில் ஏறவேண்டும். படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சிதான். பகைவனை மறந்தே போகிறோம்.

நம் பக்கத்துச் சிலம்ப வாத்தியார்கள் சலாம் வரிசையும் கால்வரிசையும் வீடு கட்டுவதும் பழகாமல் எதிராளியோடு கம்பு கோக்க விடமாட்டார்கள். திண்ணையிலிருந்து பார்த்த எவருக்கும் அந்த மடம் அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

கூடங்கள் அனைத்தையும் முடித்தவனிடம் விரும்பிய கூடத்துக்குத் தலைவனாகலாம் என்கிறார்கள். அவன் கேட்பதோ புதிதாக ஒரு கூடம்: மடத்துக்கு வெளியே உள்ள எளிய மக்களுக்குக் கற்பிக்க முப்பத்தாறாவது. மடம் மறுத்து, தண்டனை என்ற பெயரில் வெளியே அனுப்புகிறது.

சாத்தந்தையாரிடம் திரும்புவோம். ஆமூர் மல்லனை வீழ்த்திய கணத்தில் கிள்ளியின் முகத்தை அவர் காட்டவில்லை. ஒரு கால் மல்லனின் மார்பில். மற்றொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தாங்கிப் பின்புறத்தில். மூங்கிலை முறிக்கும் பசித்த யானை போல் மேலும் கீழும் ஒடியத் தாக்குகிறான். 82ஆம் பாடலில் சண்டையின் விரைவுக்கு அவர் தேடும் உவமை இன்னும் வியப்பானது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கை ஊசி! அவ்வளவு விரைவு என்கிறார். லாவ் கார்-லியுங்கும் முழு உடலையும் சட்டகத்துக்குள் நிறுத்தி, காலையும் கையையும் துண்டாடாமல் காட்டுபவர். குங்ஃபூவை நாம் சீனருக்குக் கொடுக்கவில்லை, தம்பி. அதைப் பார்த்துச் சுவைக்கும் கண்ணோ நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அந்தக் கண்ணுக்குத் தொழிலாளியின் ஊசியும் வீரனின் கையும் ஒரே வரிசையில் தெரிந்தன. அடுத்த வகுப்பில் இதைத்தான் சொன்னோம். மாணவர் முகம் சற்றே வாடியது. ஆனால் படத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

80ஆம் பாடலில் ஒரு வரியை மட்டும் நாம் வகுப்பில் விரித்துரைப்பதில்லை. மகன்மேல் அன்பு உண்டோ இல்லையோ, தந்தை தித்தன் இதை வந்து காணட்டும் என்று புலவர் விழைகிறார்.

நம் தந்தையாருக்கு இந்தப் படங்கள் பிடிக்காது. வயலில் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவருக்குப் பின்னிரவுச் சண்டை எதற்கு? 'மாஸ்டர் கில்லர்' ஓடிய இரவில் நம்மைத் திண்ணையிலிருந்து எழுப்பி உள்ளே விரட்டத்தான் வந்தார். திரையில் அந்த மாணவன் கத்தி கட்டிய கைகளோடு நீர்வாளிகளைச் சுமந்து மேடேறிக்கொண்டிருந்தான். தந்தையார் தூணில் சாய்ந்து நின்றார். அவன் தடுமாறினான், நீர் சிந்திற்று, மறுபடி ஏறினான். காட்சி முடியும்வரை அவர் நகரவில்லை. "தண்ணி தூக்கிப் பழகுன தோளுடா அது" என்றார். பிறகு துண்டை உதறித் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்களை உள்ளே போகச் சொல்லவேயில்லை.