பட்டமும் முத்திரையும்

ஒருவர் கற்ற கல்வி அவருடன் எங்கும் செல்லும். அக்கல்விக்குரிய சான்றோ அவ்வளவு எளிதாகக் கடல் கடப்பதில்லை. துபாயிலோ சியோலிலோ வாழும் இந்தியப் பொறியாளர் ஒருவர் வேலைக்குரிய விசா கோரும்போது, அவருடைய பட்டச் சான்றிதழோடு, அது மெய்யானதென்று இந்திய அரசாங்கம் அளிக்கும் அத்தாட்சியையும் அந்நாட்டு அதிகாரிகள் கேட்கின்றனர். சான்றுக்கே சான்று வேண்டும் என்னும் இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது, ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழ்வோர்க்கு அது ஏன் பெருஞ்சுமையாகிறது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அறியாத மனிதரை முத்திரையால் அறிந்துகொள்ளும் முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 'முத்திராத்தியட்சர்' என்னும் அதிகாரி ஒருவரைக் குறிப்பிடுகிறது. அவர் ஒரு மாஷகம் கட்டணம் பெற்றுக்கொண்டு முத்திரையிட்ட அனுமதியை அளிப்பார்; அதனை உடையவரே நாட்டுக்குள் புகவும் வெளியேறவும் உரிமை பெற்றனர். நாலந்தாவின் இடிபாடுகளை அகழ்ந்தபோது, அம்மகாவிகாரத்துத் துறவியர் சங்கத்தின் பெயர் பொறித்த சுடுமண் முத்திரைகள் கிடைத்துள்ளன. 7ஆம் நூற்றாண்டில் அங்கே கல்வி பயின்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டிய செய்தி ஒன்றைச் சொல்லிச் சென்றிருக்கிறார். நாலந்தாவில் பயின்றவர்க்குச் சென்ற இடமெல்லாம் மரியாதை கிட்டியதாம். அதனால் அங்கே பயிலாத சிலரும் அப்பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்து அம்மரியாதையைப் பெற்றனராம். பொய்ப் பட்டம் நம் காலத்தில் பிறந்த தீமை அன்று என்பது இதனால் விளங்கும். கல்விக்கு மதிப்பு உண்டான அன்றே அதனைக் களவாடும் ஆசையும் உண்டாயிற்று.

ஐரோப்பாவில் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டனர். 1233ஆம் ஆண்டில் போப் ஒன்பதாம் கிரெகோரி, தூலூஸ் பல்கலைக்கழகத்தில் தேறிய ஆசிரியர் எவரும் மறு தேர்வின்றி எங்கும் கற்பிக்கலாம் என்று சாசனம் அளித்தார். பொலோனாவுக்கு 1291லும் பாரிஸுக்கு 1292லும் அவ்வுரிமை கிட்டிற்று. பல நாட்டாரும் பணிந்த ஒரு தலைமை இருந்தமையால் அதன் ஒரு சொல்லே பல நாடுகளுக்கும் சான்றாக நின்றது. ஆயினும் பெரிய பல்கலைக்கழகங்கள் பிறர் பட்டத்தை ஏற்கத் தயங்கியே வந்தன. பின்னர்த் தனித்தனி அரசுகள் வலுப்பெற்றபோது அப்பொதுத் தலைமையும் மங்கிற்று. ஓர் அரசின் கையொப்பத்தை மற்றோர் அரசு ஏன் நம்பவேண்டும் என்னும் வினா எழுந்தது. இன்றைய முத்திரைகள் யாவும் அவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தவையே.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றன. 1858ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பி.ஏ. பட்டம் பெற்றோர் இருவரே. அவருள் ஒருவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. பட்டதாரிகள் இருவராக இருந்த காலத்தில் அவர்களை ஊரே அறியும். இன்றோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் உள்ளன. முகமறிந்து நம்பிய காலம் போய், காகிதத்தை நோக்கி நம்பும் காலம் வந்துவிட்டது.

இங்கே இரு வினாக்களை வேறுபடுத்திக் காணவேண்டும். இக்காகிதம் மெய்யானதா என்பது ஒன்று. இக்கல்வி எங்கள் நாட்டுக்குப் போதுமானதா என்பது மற்றொன்று. 1930ஆம் ஆண்டில் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை நீக்கிற்று. அப்பட்டங்கள் பொய் என்று எவரும் கூறவில்லை. பயிற்சியின் தரமே விவாதத்துக்கு உள்ளாயிற்று. நமக்கெனத் தனியே ஓர் அமைப்பு வேண்டுமென்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்று, 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டமாக உருவெடுத்தது. தரத்தை மதிப்பிடுவது அந்தந்தத் துறையாரின் வேலை. தூதரக முத்திரை முதல் வினாவுக்கு மட்டுமே விடை தரும்.

அவ்விடையும் ஒரு சங்கிலியாகவே அமைந்தது. பல்கலைக்கழகப் பதிவாளர் கையொப்பமிட்ட சான்றிதழை மாநில அரசின் கல்வித்துறை சரிபார்த்து முத்திரையிடும். அம்முத்திரையை டில்லியிலுள்ள வெளிவிவகார அமைச்சகம் உறுதிசெய்யும். அமைச்சகத்தின் கையொப்பத்தை அயல்நாட்டுத் தூதரகம் ஒப்புக்கொள்ளும். அத்தூதரகத்தின் முத்திரையை அந்நாட்டு அமைச்சகம் மீண்டும் உறுதிசெய்யும். ஒவ்வோர் அலுவலகத்திலும் தனக்கு முந்தைய அதிகாரியின் மாதிரிக் கையொப்பம் வைக்கப்பட்டிருக்கும். வந்த ஒப்பத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை. எனவே கடைசி முத்திரையை இடுபவர், பட்டம் பெற்றவரையும் அறியார், அவர் பயின்ற கல்லூரியையும் அறியார். தமக்கு முந்தைய கையெழுத்து ஒன்றையே அறிவார். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுதும் நின்றுவிடும்.

இச்சங்கிலியைக் குறுக்கும் முயற்சியின் பயனே 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் முடிவான ஒப்பந்தம். அதன்படி, ஆவணம் பிறந்த நாட்டின் அதிகாரி ஒருவர் 'அப்போஸ்டில்' என்னும் ஒரே சான்றை இணைத்தால் போதும். உடன்பட்ட நாடுகளில் தூதரக முத்திரை வேண்டுவதில்லை. பக்கத்துக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரம். அதில் வரிசை எண்ணிட்ட பத்துக் குறிப்புகள். எம்மொழியில் எழுதினும் தலைப்பு மட்டும் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு சான்றும் ஒரு பதிவேட்டில் ஏறுவதால், ஐயமுற்றவர் எண்ணைக் கூறி விசாரித்தறியலாம். ஆயினும் இதுவும் கையொப்பத்துக்கும் முத்திரைக்கும் மட்டுமே சான்று. உள்ளே எழுதியவை உண்மையென்று அது கூறுவதில்லை.

இவ்வொப்பந்தம் இந்தியாவைப் பொறுத்தவரை 2005ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகள் அப்போது ஆட்சேபம் தெரிவித்தன. அவற்றுள் சில பின்னர் அதனை விலக்கிக்கொண்டன. தென்கொரியாவில் அவ்வொப்பந்தம் 2007லும், ஓமானில் 2012லும், பஹ்ரைனில் 2013லும், சவூதி அரேபியாவில் 2022லும் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் 2024ஆம் ஆண்டு முடியச் சேரவில்லை. ஆகவே சியோலுக்குச் செல்லும் பட்டத்துக்கு ஓர் அப்போஸ்டில் போதும். துபாய்க்குச் செல்லும் பட்டம் பழைய சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றையும் கடந்தாக வேண்டும்.

"அயல்நாட்டிலேயே நம் தூதரகம் இருக்கிறதே, அதுவே அத்தாட்சி அளிக்கலாகாதா?" என்று நேயர்கள் வினவலாம். 1948ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நம் தூதரக அதிகாரிகளுக்கு நோட்டரியின் அதிகாரங்களை அளித்துள்ளது. அவர் பிரமாணப் பத்திரம் பெறலாம். அதிகாரக் கடிதத்துக்கு ஒப்பம் இடலாம். ஆனால் தூதரக அதிகாரிகள் எழுதிக்கொடுக்கும் ஆவணங்களுக்கு ஹேக் ஒப்பந்தம் பொருந்தாது என்று அதன் முதற் பிரிவே விலக்கிவிட்டது. தாம் வாழும் நாட்டின் அரசிடம் சென்று அப்போஸ்டில் கேட்கவும் வழியில்லை; ஆவணம் பிறந்த நாடே அதனைத் தரவேண்டும். ஆகவே மூலச் சான்றிதழ் தாய்நாட்டுக்குத் திரும்பிப் பயணம் செய்கிறது. மகன் துபாயில் இருக்க, அவன் ஒப்பமிட்ட கடிதத்தைக் கையில் ஏந்தி, முதிய தந்தை ஊரில் அலுவலகப் படியேறுகிறார். வேலை தருவதாகச் சொன்னவர் குறித்த கெடுவோ நெருங்கிக்கொண்டிருக்கும். வழியில் சான்றிதழ் தொலைந்துவிட்டால், இரண்டாம் பிரதிக்குப் பல்கலைக்கழகத்தையே மீண்டும் நாடவேண்டும். மக்கள் பெருந்தொகையாக அயல்நாடு செல்லும் கேரளத்தில், 1996ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தனித் துறையே அமைக்கவேண்டிய நிலை வந்தது. அத்துறையைச் சார்ந்த நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் சான்றிதழ் அத்தாட்சியையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் நன்கறிந்த இடர் இன்னொன்றும் உண்டு. அது பெயரைப் பற்றியது. தமிழர் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அத்தந்தை பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். அயல்நாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இருவரும் வேறு மனிதர். மூலத்தில் உள்ளதை உள்ளவாறே பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் கடமை; ஓரெழுத்தை விரித்தெழுத அவருக்கு உரிமை இல்லை. இருவரும் ஒருவரே என்னும் பிரமாணப் பத்திரமே அங்கே துணை செய்யும். தூதரக அதிகாரியின் நோட்டரி அதிகாரம் மெய்யாகவே பயன்படும் இடம் இது.

அண்மைக் காலத்தில் வழி ஓரளவு குறுகியிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் வெளிவிவகார அமைச்சகம் 'இ-சனத்' என்னும் மின்வழி முறையைத் தொடங்கிற்று. சான்றிதழை வழங்கிய நிறுவனம் தன் பதிவுகளை அம்முறையில் இணைத்திருந்தால், காகிதம் பயணம் செய்யாமலே சரிபார்ப்பு நிகழலாம். 2019ஆம் ஆண்டு முதல் டில்லியில் மட்டும் நிகழ்ந்த அத்தாட்சிப் பணி வேறு பல நகரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சென்னையும் அவற்றுள் ஒன்று. ஆயினும் இம்முறைகள் யாவும் சங்கிலியின் பிற்பகுதியையே குறுக்கின. முதற் கண்ணியாகிய பல்கலைக்கழகப் பதிவேடு செம்மையாக இல்லையேல், எத்துணை விரைவான எந்திரமும் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே அயல்நாடு செல்ல எண்ணும் இளைஞர்கள், பெட்டி கட்டுமுன்பே பட்டத்துக்கு அத்தாட்சி பெற்றுவிடுதல் நலம். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் அதனினும் நலம். கல்வி நிலையங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நாலந்தாவின் பெயரைப் பொய்யர் களவாடினர் என்றால், அப்பெயருக்கு அத்துணை மதிப்பு இருந்தது என்பது பொருள். தம் பதிவேட்டைப் பழுதின்றிக் காத்து, கேட்டவர்க்குக் காலந்தாழ்த்தாது விடை தரும் பல்கலைக்கழகமே தன் மாணவனுக்குக் கடல் கடந்தும் துணைநிற்கும். அந்த முதற் கையொப்பத்தின் வலிமையில்தான் அதற்குப்பின் வரும் முத்திரைகள் யாவும் நிற்கின்றன.