மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

சில மாதங்களுக்கு முன்னர் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக யாழ்ப்பாணம் சென்றிருந்தேன். மணமக்களை ஏற்றிவந்தது ஒரு ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் கார். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் அதைச் சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினதாம், உண்மையோ?" என்று வினவினார். உண்மைதான் என்றேன். "அதெப்பிடி?" என்றார். மண்டப வாசலில் நின்றபடி அதற்கு விடை சொல்ல இயலவில்லை. அந்த விடை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் தொடங்கி, எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற மாமரத்தின் கீழே வந்து முடிகிறது. அதை இங்கு எழுத முனைகிறேன்.

போரில் வென்ற பிரித்தானியா 1945 இல் கடனாளி நாடாக நின்றது. வெளிநாட்டுச் செலாவணி ஈட்டவேண்டிய கட்டாயத்தில், ஏற்றுமதி செய்யும் கார் உற்பத்தியாளர்களுக்கே முன்னுரிமை அளித்து அரசாங்கம் உருக்கை ஒதுக்கியது. பேர்மிங்காம் நகரின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947 இல் ஏ-40 டெவன் உருவாயிற்று. 1952 இல் அதன் இடத்துக்குச் சொமசெற் வந்தது. இரண்டிலும் இருந்தது 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் இயந்திரம். உள்நாட்டு மக்கள் புதிய காருக்குக் காத்திருக்க, இந்தக் கார்கள் கப்பலேறி உலகெங்கும் சென்றன. இலங்கைக்கும் வந்தன.

இங்கே கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. அக்காலத்தில் பிரித்தானியாவில் நல்ல பெற்றோல் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் எல்லா நிறுவனங்களின் பெற்றோலையும் ஒன்றாகக் கலந்து 'பூல்' என்ற பெயரில் விற்றார்கள். ஒக்ரேன் அளவு குறைந்த அந்தப் பெற்றோலே 1953 வரை விற்பனையில் இருந்தது. தரங்குறைந்த எரிபொருளை உயர்ந்த அழுத்தத்துக்கு உட்படுத்தினால் அது உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தைத் தட்டத் தொடங்கும். ஆகவே அன்றைய பொறியியலாளர்கள் தாழ்ந்த அழுத்த விகிதத்துக்கே தம் இயந்திரங்களை வடிவமைத்தார்கள். ஏ-40 இன் விகிதம் 7.2 மாத்திரமே. இங்கிலாந்தின் வறுமை அந்த இரும்புக்குள் பதிந்திருந்தது. நாற்பது ஆண்டுகளின் பின்னர் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த வறுமைதான்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கை கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இருந்த கார்களைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியன வாடகைக் கார்களாகவும் குடும்பச் சொத்துகளாகவும் தலைமுறை கடந்து ஓடின. எங்கள் சொமசெற் காரை என் தந்தையார் இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். அவர் காலமான பின்னர் அது என்னிடம் வந்தது. எனக்கு ஓட்டத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்தது. யாழ்தேவி நின்றது, லக்சபான மின்சாரம் நின்றது, ஏ-9 வீதி மூடப்பட்டது. பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. களவாக வந்தது போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டான அளவில் கிடைத்தது. பழைய கார்களின் கார்பரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை ஊரெங்கும் பரவியது. இது புதிய கண்டுபிடிப்பன்று. பிரித்தானிய விவசாயிகள் உழவு இயந்திரங்களைப் பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எரிபொருளில் ஓட்டிய வழக்கம் முன்னரே இருந்தது. ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. எங்கள் கார்கள் அப்படிப்பட்டவை அல்ல.

அதன் விளைவை நான் 1993 இல் கண்டேன். கார் வெண்புகை கக்கியது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஆனால் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு குறையவில்லை, கூடியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி. பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். கம்பியில் ஒட்டியிருந்த ஒயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, கூடினது ஒயில் இல்லை, மண்ணெண்ணெய். இதைக் கழற்றாமல் ஓடினீரெண்டால் ஒரு நாளைக்கு றோட்டிலை இறுகி நிண்டிடும்" என்றார்.

விளக்கத்தையும் அவரே தந்தார். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. மசகு இழந்த சுவரும் பிஸ்ரன் றிங்குகளும் ஒன்றையொன்று தின்கின்றன. கீழே இறங்கிய மண்ணெண்ணெய் ஒயிலை நீர்க்கச் செய்ய, பேரிங்குகளும் தேய்கின்றன. முன்புறக் கைபிடியால் அவர் இயந்திரத்தை மெல்லச் சுழற்றினார். நான்கு இடங்களில் கை திணறவேண்டும். இரண்டு இடங்களில் தடையே இல்லாமல் சுழன்றது.

கராஜுக்குக் கொடுக்கப் பணமில்லை. கொடுத்தாலும் கடைசல் இயந்திரத்தை இயக்க மின்சாரமில்லை. ஆகவே நாமே கழற்றினோம். மாமரத்தடியில் பனங்குற்றிகளை நாட்டி, இரவல் வாங்கிய சங்கிலிக் கப்பியால் இயந்திரத்தைத் தூக்கி இறக்கினோம். எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதிக் கட்டினேன். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவியபோது மை முழுவதும் கரைந்துபோயிற்று. நான்கு பிஸ்ரன் தண்டுகளின் மூடிகளும் கலந்துவிட்டன. ஒரு தண்டின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. மாற்றிப் பூட்டினால் பேரிங் அழியும். முதியவர் சினக்கவில்லை. தண்டுகளின் பக்கவாட்டில் அழுக்குக்குள் மறைந்திருந்த குத்தெழுத்து இலக்கங்களைச் சுரண்டிக் காட்டினார். லோங்பிரிட்ஜில் ஒருவர் சுத்தியலால் குத்திய இலக்கங்கள் நாற்பது ஆண்டுகள் அழியாதிருந்தன. நான் எழுதியவை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

சிலிண்டரின் உச்சியில் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்பட்டது. றிங் எட்டாத அந்த ஓரம் மாத்திரமே பழைய அளவில் இருந்தது. அதற்குக் கீழே சுவர் தேய்ந்து அகன்றிருந்தது. முறையாகச் செய்வதானால் நான்கையும் கடைந்து பெரிய பிஸ்ரன்கள் போடவேண்டும். அதற்கு வழியில்லை. அந்தப் படியைச் சுரண்டி நீக்கினோம். எமரித் துணியைத் தடியொன்றில் சுற்றி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழும்படி தேய்த்தோம். அந்தக் கீறல்களில்தான் ஒயில் தங்கும். கைவிடப்பட்ட வேறொரு காரின் அளவு கூடிய றிங்குகளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் வைத்து, முனைகளுக்கிடையிலான இடைவெளியை அளந்து அரத்தால் உராய்ந்தோம். சிலிண்டர் விட்டத்தின் அங்குலம் ஒன்றுக்கு, அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால் சூட்டில் றிங் விரிந்து முறியும். கூடினால் அழுத்தம் கசியும். நான் அவசரப்பட்டு இரண்டு றிங்குகளைப் பாழாக்கினேன். மாற்று றிங் தேட மூன்று வாரங்கள் சென்றன.

வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் அரைத்துப் பொருத்தினோம். செப்புக் கஸ்கற்றைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்த்து மென்மையாக்கினோம். மற்றக் கஸ்கற்றுகளைப் பழைய கோப்பு அட்டையில் வெட்டினோம். மண்ணெண்ணெய்க்காக அழுத்தத்தை மேலும் குறைக்கவென மூடியின் கீழே ஒன்றுக்கு இரண்டு கஸ்கற் வைத்தார் முதியவர். பகலில் விமான இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் இறங்குவோம். அவர் மட்டும் பாகங்களின் மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டே வருவார். மண் பட்டால் எல்லாம் வீண் என்பார். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் வேலை செய்ய என் மனைவி சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் படிக்கும் விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான். காருக்கு ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஒரு விளக்கிலிருந்து எடுத்தது என்பதை அவர் எனக்கு மறக்க விடவில்லை.

நான்கு மாதங்களின் பின்னர் ஒரு மாலையில் கைபிடியைச் சுழற்றினேன். நான்கு இடங்களிலும் கை திணறியது. ஐந்தாவது முயற்சியில் இயந்திரம் உயிர்பெற்றது. 1994 இன் மழைக்காலத்தில் ஓர் இரவு என் தாயாருக்கு நெஞ்சுவலி வந்தபோது அந்தக் காரே அவரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது. அவர் பிழைத்தார். என் கைகளால் நான் செய்த வேறெந்தக் காரியமும் அவ்வளவு பயன் தந்ததில்லை.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. தாயாரையும் முதியவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நாவற்குழியை நோக்கிய வீதியில் கால் வைக்க இடமில்லை. மழையும் பெய்தது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்குச் சூடு வேண்டும். சூட்டுக்கு ஓட்டம் வேண்டும். அடிக்கொருதரம் நின்றதால் இயந்திரம் குளிர்ந்து அடங்கிப்போனது. போத்தலில் இருந்த பெற்றோலும் தீர்ந்தது. நான் மீண்டும் மீண்டும் கைபிடியைச் சுழற்றினேன். முதியவர் கண்ணாடியை இறக்கி, "தம்பி, எஞ்சினிலை பிழையில்லை. விட்டிட்டுத் தள்ளும்" என்றார். முன்பின் அறியாத நால்வர் தோள் கொடுத்தார்கள். விடியும்வரை தள்ளினோம்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது முதியவர் காய்ச்சலில் காலமானார். 1996 இல் நாங்கள் திரும்பி வந்தோம். அவர் வரவில்லை.

தட்டுப்பாடு எங்களைத் திறமைசாலிகள் ஆக்கியது என்று இன்று சிலர் பெருமையாகப் பேசக் கேட்கிறேன். அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நல்ல பிற்றர் தன் முதுமையில் கோப்பு அட்டையில் கஸ்கற் வெட்டியதும், காய்ச்சல் மருந்துக்கு வழியில்லாமல் இறந்ததும் ஒரே தடையின் விளைவுகள். ஒன்றைக் கொண்டாடி மற்றதை மறப்பது வரலாறாகாது.

எனக்கு வேறொரு குறையும் உண்டு. அந்த ஆண்டுகளில் எங்கள் பத்திரிகைகள் கொப்பித் தாளிலும் பழுப்புத் தாளிலும் அச்சாகின. கிடைத்த சிறிய இடத்தில் சமர்களையும் 1994, 95 பேச்சுவார்த்தைகளையும் எழுதினேன். தேய்ந்த சிலிண்டர்களை எமரித் துணியால் தேய்த்து ஒரு சமூகம் தன் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற கதையை ஒரு வரிகூட எழுதவில்லை. அது செய்தி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. 2002 இல் ஏ-9 திறக்கப்பட்டுப் பெற்றோல் வந்ததும் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

மண்டப வாசலில் கேட்ட அந்த இளைஞருக்கு நான் கடன்பட்டிருந்த விடை இதுதான். அன்று அவருக்காக அந்தக் காரின் முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். எட்டிப் பார்த்தேன். மூடிக்குக் கீழே கஸ்கற்றின் விளிம்பு தெரிந்தது. அங்கும் இரண்டு இருந்தன.