அத்தி கேட்டேன், அஞ்சீர் கொடுத்தாங்க

2019 ஆடி மாசம். காஞ்சிபுரத்துல அத்தி வரதரைப் பார்க்க ஊரே கிளம்பிப் போன வருஷம். ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். எங்க அம்மாவும் போனாங்க. 1979ல் கல்யாணம் ஆன புதுசுல நைனாவோட ஒருமுறை பார்த்திருக்காங்க. நாற்பது வருஷம் கழித்து இரண்டாவது முறை, இந்தத் தடவை நைனா இல்லாமல். கூட்டத்துல ஏழெட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, கால் வீங்கி திண்ணையில உட்கார்ந்தவங்க சொன்ன முதல் வார்த்தை: "கிணத்தாண்ட இருந்த அத்திய வெட்டியிருக்கக் கூடாதுடா."

வெட்டினது நான்தான். பின்பக்க நிலத்தை மனைக்கு விற்றபோது, மரம் எல்லையில் நிற்குதுன்னு வாங்கினவர் சொன்னார். சரின்னு விட்டுட்டேன். அதற்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மா அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை.

அதனால மறுநாளே பைக்கை எடுத்துட்டு ஒரு நர்சரிக்குப் போனேன். பேர் வேண்டாம், பாவம். "அத்திக் கன்னு இருக்கா?"ன்னு கேட்டேன். இரண்டடி உயரச் செடி ஒண்ணு, 350 ரூபாய். பையில் 'அத்தி'ன்னே எழுதியிருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்கினேன். அம்மா இலையைப் பார்த்தாங்க. கை விரிச்ச மாதிரி பிளந்த இலை, தடவினால் சொரசொரன்னு இருக்கு. "இது அத்தியா? பப்பாளிக்குப் பொறந்த மாதிரி இருக்கு. யாருடா ஏமாத்தினது?"

போன் பண்ணினால் நர்சரிக்காரர் சிரிக்கிறார். "சார், அது அஞ்சீர். இப்ப எல்லாரும் அதைத்தான் அத்தின்னு கேக்குறாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. நகரத்தில் இருக்கிற உங்களுக்கு அத்திப்பழம்னா கடையில் மாலை மாதிரி கோத்துத் தொங்குகிற உலர்ந்த அஞ்சீர்தான் ஞாபகம் வரும். அது சீமை அத்தி. கப்பலில் வந்ததுக்கெல்லாம் நம்ம ஆட்கள் 'சீமை'ன்னு முன்னால ஒட்டிடுவாங்க: சீமை எண்ணெய், சீமைக் கருவேலம், சீமை அகத்தி. இப்போ என்ன ஆச்சுன்னா, சீமையை எடுத்துட்டு வெறும் அத்தின்னு ஆக்கிட்டோம். இருந்த அத்தி 'நாட்டு அத்தி' ஆகிப்போச்சு. வீட்டுக்காரனுக்கே அடைமொழி!

தமிழில் அத்திக்குப் பழைய பேர் அதவம். குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்றில், ஆற்றங்கரை அதவ மரத்தடியில் விழுந்த ஒரே ஒரு பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைக்கிற காட்சி வருது. ஊர் வாய் தன்னை அப்படித்தான் மிதிக்குதுன்னு ஒரு பெண் சொல்கிறாள். கிணற்றோரத்து அத்தியடியில் விளையாடினவனுக்கு அந்தக் காட்சி தானாகவே புரியும். வெள்ளைக் கிளை, தண்ணி ஓரம், அடியில் நசுங்கிக் கிடக்கிற சிவந்த பழம். எங்க மரமும் அப்படியேதான் இருந்தது. பழம் கிளை நுனியில் இருக்காது. அடிமரத்திலேயே பலாக்காய் மாதிரி, கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். வெள்ளைக்காரத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரைச் செடிகளை எழுதியபோது, இந்தக் கொத்தைப் பார்த்துத்தான் 'குளோமரேட்டா'ன்னு பேர் வச்சார். அந்த லத்தீன் வார்த்தைக்கும் திரண்டதுன்னுதான் அர்த்தம்.

எங்க பக்கத்து ஊர்ப் பேர்களையே பாருங்க. முல்லைக்கு ஒரு திருமுல்லைவாயில், வேலத்துக்கு ஒரு திருவேற்காடு, பருத்திக்கு நாங்க. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் இன்னொரு அத்திப்பட்டு. ('சிட்டிசன்' படத்துல வர்ற அத்திப்பட்டி வேற, அது சினிமாக்காரங்க கட்டின ஊர்.) மரம் இல்லாமல் இப்படிப் பேர் வருமா? பேர் மட்டும் போர்டில் நிற்குது, மரத்தைத் தேடினால் கிடைக்காது.

அத்தி நிற்கிற இடத்தில் தண்ணி இருக்கும் என்பது பாட்டன் காலத்துப் பேச்சு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில், நிலத்தடி நீரைக் காட்டிக் கொடுக்கும் மரங்களோடு அத்தியையும் சேர்த்திருக்கார். மரக்கட்டை வெளியில் இருந்தால் சீக்கிரம் உளுத்துப் போகும், தண்ணிக்குள் இருந்தால் நல்லா உழைக்கும். அதனாலதான் பழைய கிணறுகளில் அடிச்சட்டத்துக்கு அத்திக் கட்டையைப் போட்டாங்க. அத்தி மரத்துச் சாமி அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது வருஷம் படுத்திருக்கிறதை பக்தியோடு பார்க்கிறவங்க பார்க்கட்டும். கிணறு வெட்டினவனுக்கு அதில் ஆச்சரியம் குறைவு, மரியாதை அதிகம்.

சீமை அத்தியின் கதை வேற. அதோட தாவரப் பேரில் இருக்கிற 'காரிக்கா', இன்றைய துருக்கியில் இருந்த காரியா என்கிற பழைய நாட்டைக் குறிக்குது. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால்னு ஒரு இடத்தில், எரிந்துபோன வீட்டுக்குள் கருகின அத்திப்பழம் ஒன்பது கிடைச்சது. வயசு சுமார் 11,400 வருஷம். அவை குளவி தொடாமலே பழுக்கிற வகை, விதையில் முளைக்காது, ஆகவே மனுஷன் குச்சி ஒடிச்சு நட்டதுதான் என்று 2006ல் எழுதினாங்க. காட்டு மரத்திலும் அப்படிப் பழுக்கலாமேன்னு மறுத்தவங்களும் உண்டு. முதல் கட்சி சொல்வது சரின்னா, கோதுமையைப் பயிராக்குவதற்குச் சுமார் ஆயிரம் வருஷம் முன்னாலேயே ஒருத்தன் அத்திக் குச்சியை மண்ணில் செருகியிருக்கான். குச்சி நட்டு வளர்க்கிறவன் என்கிற முறையில், எனக்கு முதல் கட்சிதான் பிடிக்குது.

குளவின்னு சொன்னதும் உங்களுக்கு வாட்ஸப் ஞாபகம் வரும். "அஞ்சீர் சைவமா அசைவமா?" கொஞ்சம் விளக்கமாகவே சொல்றேன். அத்தி 'பூக்காமல்' காய்க்கும் மரம் இல்லை. அப்படித் தெரிகிற மரங்களைப் பழந்தமிழில் கோளின்னு சொன்னாங்க, 'அத்தி பூத்தாற் போல'ன்னு நாமும் சொல்றோம். உண்மையில் காய்க்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பூ. நுனியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக எறும்பை விடச் சின்னக் குளவி, இறக்கையை உதிர்த்துட்டு நுழையும். மகரந்தம் சேர்க்கும், முட்டை போடும், உள்ளேயே சாகும். நாட்டு அத்தியில் இது ஒவ்வொரு பழத்திலும் நடக்கும். பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சின்னு பழமொழி சும்மா வரலை. சமணர்கள் விலக்கச் சொன்ன ஐந்து பழங்களில் அத்தி இருப்பதும் இதனால்தான். நம்ம நர்சரிகளில் விற்கிற பூனா, டயானா மாதிரி சீமை ரகங்களுக்குக் குளவியே தேவையில்லை. தாராளமா சாப்பிடுங்க.

குளவி தேவைப்படுற சீமை ரகமும் உண்டு, துருக்கியின் ஸ்மிர்னா அத்தி. 1880களில் கலிபோர்னியாக்காரங்க ஆயிரக்கணக்கில் அதன் குச்சியை வரவழைச்சு நட்டாங்க. மரம் ஜோரா வளர்ந்தது, காய் மட்டும் பட்டாணி அளவில் உதிர்ந்துட்டே இருந்தது. துருக்கி விவசாயி காட்டு அத்திக் காயைக் கோத்துத் தோட்டத்து மரத்தில் தொங்கவிடுவான். அது மூடநம்பிக்கைன்னு அங்கே பலர் சிரிச்சாங்களாம். கிரேக்கத் தியோபிராஸ்டஸ் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வச்ச விஷயம் அது. கடைசியில் 1899ல் பிரெஸ்னோவில் ரோடிங் என்பவர் தோட்டத்தில் குளவியையும் கொண்டு வந்து குடியேற்றின பிறகுதான் காய் நின்றது. மரத்தை மட்டும் வாங்கினால் போதாது, அதோட கூட்டாளியும் வேணும்னு தெரிய இருபது வருஷம் ஆகியிருக்கு.

இந்தியாவில் சீமை அத்திக்குப் பேர் போன இடம் புனே பக்கத்துப் புரந்தர். 2016ல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. அங்கே மழை குறைவு, மண்ணில் தண்ணி நிற்காது. இதைத் தெரிஞ்சுக்கிட்டிருந்தால் நான் செடியை வச்ச இடத்தை மாத்தியிருப்பேன். அம்மா ஏசினதால் கிணத்தாண்ட வைக்க மனசு வராமல், பின்னால பள்ளத்துல வச்சேன். இரண்டாம் வருஷமே காய்ச்சது. வெயில் காலத்துப் பழம் தேன். ஐப்பசி மழையில் வந்தது வெடிச்சு, சப்புன்னு இருந்தது, இலையெல்லாம் துரு நோய் புள்ளி. அம்மா ஒரு பழம் தின்னுட்டு, "நல்லாத்தான் இருக்கு, அத்தி இல்ல"ன்னாங்க.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஆவடி முழுக்கத் தண்ணி. எங்க பள்ளத்தில் ஒன்பது நாள் நின்றது. வடிஞ்சப்போ வேர் அழுகி நாறுது, இழுத்தால் கையோட வந்தது. முந்தின கவாத்தில் வெட்டின இரண்டு குச்சியை மாடியில் தொட்டியில் செருகி வச்சிருந்தேன். அதில் ஒண்ணு பிழைச்சது, இப்பவும் மாடியில்தான் இருக்கு. நீங்க வாங்குறதா இருந்தால் மாடித் தொட்டி, இல்லேன்னா மேட்டுப் பாத்தி. இலை கை மாதிரி பிளந்திருந்தால் சீமை, பிளவில்லாமல் நீள்வட்டமா, கூர் நுனியோட இருந்தால் நாட்டு. பையில் எழுதியிருக்கிறதை நம்பாதீங்க.

நாட்டு அத்தியா? அது வாங்கிக் கிடைக்கலை. அதே புயலுக்கு அப்புறம் கிணற்றுத் தூர் வாரும்போது, உள்சுவர் வெடிப்பில் முழ நீளத்துக்கு ஒரு கன்னு. எந்தக் காக்காவோ குயிலோ எந்த மரத்துப் பழத்தைத் தின்னுட்டுப் போட்டதோ தெரியலை. இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் எனக்குத் தெரிஞ்சு ஒரு அத்தி கிடையாது. கயிறு கட்டி இறங்கி, செங்கல்லோட பேர்த்து எடுத்தேன். அம்மா இலையைத் தடவிப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லாமல் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தாங்க. பழைய மரத்து இடத்துல இப்போ ஒரு வீட்டு கார் ஷெட். அதனால கிணத்துக்கு இந்தப் பக்கம், எங்க எல்லைக்குள்ள எட்டடி தள்ளி வச்சிருக்கோம்.

இப்போ என் தோள் உயரம். இன்னும் காய்க்கலை. அத்தி வரதர் அடுத்து வெளியே வர்றது 2059ல். யார் யார் இருப்போமோ, மரம் இருந்தால் அடிமரத்துல கொத்துக் கொத்தா இருக்கும்னு அம்மா சொல்றாங்க. தினம் காலையில ஒரு சொம்புத் தண்ணி ஊத்துறதும் அவங்கதான்.