மாமல்லபுரத்து வெளிச்சத்தை எழுதிய உத்தியோகஸ்தர்கள்

மாமல்லபுரம் என்றதும் நமக்கு உளிதான் நினைவுக்கு வரும். அது நியாயம்தான். இன்றைக்கும் அந்த ஊருக்குள் நுழையும்போது முதலில் காதில் விழுவது கல் கொத்தும் சத்தம். ஆனால் அதே கரையைத் தூரிகையால் எழுதியவர்களும் உண்டு. அவர்களில் பலர் ஓவியர் என்று பெயர் வாங்கியவர்கள் அல்லர். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த உத்தியோகஸ்தர்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் கோப்பு கட்டியவன். அதனால் அவர்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், வாட்டர் கலருக்கு நான் முதலில் கற்ற சொல் 'அக்வரேல்'. அதோடு சேர்த்து 'குவாஷ்' என்று இன்னொரு சொல்லும் பாடத்தில் வந்தது. இரண்டிலும் தண்ணீர்தான். ஆனால் குவாஷ் அடியில் இருப்பதை மூடி மறைக்கும். அக்வரேல் மறைக்காது. கண்ணாடி போல மேலே படியும், அடியில் காகிதம் தெரியும். அசலான அக்வரேலில் வெள்ளை வண்ணமே கிடையாது. காகிதம்தான் வெள்ளை. அலையின் நுரை வேண்டுமா, அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். கோபுரத்தின் மேல் காலை வெயில் வேண்டுமா, அங்கேயும் தொடாமல் விட வேண்டும். இந்த வித்தையில் வெளிச்சத்தைத் தீட்ட முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும்.

சரக்கு என்று பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நைசாக அரைத்த வண்ணப்பொடி, அதைப் பிடித்து வைக்க வேல மரத்துப் பிசின், அவ்வளவுதான். அந்தக் காலத்து நீலங்களில் ஒன்று நம் அவுரி. புதுச்சேரியிலிருந்தும் தென்னாற்காட்டுப் பக்கமிருந்தும் கப்பலேறிய அதே அவுரி. துணிக்குச் சாயம் போட்டது போக, ஓவியரின் பெட்டிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

முன்பெல்லாம் ஓவியர் வண்ணத்தைத் தாமே அரைத்துக் குழைக்க வேண்டும். வெளியூருக்கு எடுத்துப் போவது சிரமம். இங்கிலாந்தில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைச் சின்னச் சின்ன வில்லைகளாகச் செய்தார்கள். அதற்காக 1781இல் லண்டன் கலைச் சங்கம் அவர்களுக்கு ஒரு பரிசும் கொடுத்தது. ஈரத் தூரிகையால் வில்லையைத் தேய்த்தால் போதும். பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். கப்பலில் போகிறவனுக்கும் குதிரையில் போகிறவனுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

இப்படி வெளியே சுற்றியவர்களில் பெரும் பகுதியினர் ராணுவத்தாரும் சர்வேக்காரர்களும்தான். கேமரா இல்லாத காலம். கோட்டை எங்கே இருக்கிறது, மலை எந்தப் பக்கம் சரிகிறது, ஆற்றை எங்கே கடக்கலாம் என்பதையெல்லாம் படம் போட்டுத்தான் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதனால் வூல்விச் ராணுவப் பள்ளியில் ஓவியம் ஒரு பாடமாகவே இருந்தது. ஆங்கில நீர்வண்ண ஓவியத்தின் தந்தை என்று சொல்லப்படும் பால் சாண்ட்பி, 1768 முதல் அங்கே ஓவிய வாத்தியார். கிழக்கிந்தியக் கம்பெனி 1809இல் அடிஸ்கோம்பில் சொந்தமாக ராணுவப் பள்ளி தொடங்கியபோது, அங்கேயும் ஓவியம் உண்டு. ஆக, நிலக்காட்சியை வண்ணத்தில் எழுதுவது என்பது அன்றைக்கு ரசனை மட்டும் அல்ல, ஆபீஸ் வேலை.

நம் கரைக்கு வந்தவர்களில் பெயர் பெற்றவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும். இவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர், படம் விற்றுப் பிழைத்தவர்கள். 1792-93இல் தென்னாட்டைச் சுற்றியபோது கன்னியாகுமரி வரை போனார்கள், மாமல்லபுரத்துக்கும் வந்தார்கள். கட்டடத்தின் கோடு பிசகாமல் இருக்க, கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியைக் கூடவே கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே விழும் பிம்பத்தைப் பென்சிலால் பிடித்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்களை வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து, நீர்வண்ணம் போலவே தெரியும்படி அச்சிட்டுக் கையால் வண்ணம் சேர்க்கும் முறை அது. மாமல்லபுரத்தின் குடைவரைகளும் அதில் இடம்பெற்றன. சீமையில் பலருக்கு நம் ஊர் அறிமுகமானது அந்தப் படங்கள் வழியாகத்தான்.

டேனியல்கள் கையெழுத்துப் போட்டார்கள், புத்தகம் போட்டார்கள், அதனால் நினைவில் நின்றார்கள். மற்றவர்கள்?

சென்னையில் 1794இல் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு அதுதான் மூலம். சின்னப் பையன்களைச் சேர்த்து அளக்கவும் வரைபடம் எழுதவும் பழக்கினார்கள். பிற்பாடு இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆன காலின் மெக்கன்சியின் கீழ் இப்படிப் பழகியவர்கள் பலர் வேலை பார்த்தார்கள். மாமல்லபுரத்துக் கோயில்களையும் சிற்பங்களையும் அவருடைய ஆட்கள் 1816 வாக்கில் படங்களாக எழுதினார்கள். மெக்கன்சி சேர்த்த படங்கள் ஆயிரத்துக்கும் மேல். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பலவற்றில் எழுதியவர் பெயர் இல்லை.

அதே 1816இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியை எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். துரை நடுவில் நிற்கிறார், கூடவே மூன்று இந்திய உதவியாளர்கள். தொலைநோக்கியை ஏந்தி நிற்கும் பியூனின் பெயர் கிஸ்ட்னாஜி என்பது கூடப் பதிவாகியிருக்கிறது. தூரிகை பிடித்த ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை. ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. குறிப்பு எழுதியவன் ஒருவன், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். கோப்பில் நிற்பது கையெழுத்துத்தான்.

ஓரளவு பெயர் தப்பியவர் ஜான் கான்ட்ஸ். கம்பெனியின் சென்னை ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன், சர்வேயர், கட்டட வேலையும் பார்த்தார். அவரும் மகன் ஜஸ்டினியனும் சென்னையில் கல்லச்சுக் கூடம் ஒன்றும் நடத்தினார்கள். 1820களில் ஜான் கான்ட்ஸ் மாமல்லபுரத்தைப் பேனாவாலும் நீர்வண்ணத்தாலும் எழுதியிருக்கிறார். சொந்த அச்சகம் இருந்ததாலோ என்னவோ, அவர் பெயர் அழியாமல் நின்றது.

இந்தப் படங்களால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. 1850களில் கேமரா வந்துவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்பவரை 1856இல் சென்னை சர்க்கார் புகைப்படக்காரராகவே நியமித்தார்கள். ஆனால் அந்தப் புகைப்படங்களில் வண்ணம் இல்லை. வானம் பெரும்பாலும் வெறும் வெள்ளையாக விழும். கடலின் நிறம், பாறையின் செம்மை, மழைக்கு முந்திய வானம் ஆகியவற்றுக்குச் சாட்சி இந்தக் காகிதங்கள்தான். இன்றைக்கு ஈசிஆர் சாலையில் போனால் கண்ணில் படும் சவுக்குத் தோப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விறகுக்காகப் பரவியவை. டேனியல் பார்த்த கரை பனையின் கரை. மணலும் பனையும் கல்லும் மட்டும் இருந்த அந்த வெட்டவெளியை நாம் இனிப் படத்தில்தான் பார்க்க முடியும்.

இந்தக் கரையில் வெளிச்சத்தைப் பிடிப்பதும் சுலபம் அல்ல. கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னதி கிழக்கே கடலைப் பார்த்தது. காலையில் ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் கோயில் கருநிழலாகத்தான் தெரியும். பிற்பகலில் அதே இடத்தில் நின்றால் கல்லில் வெயில் விழுந்து, பின்னால் கடல் அடர்நீலமாக நிற்கும். அர்ஜுனன் தபசுப் பாறையோ கிழக்குப் பார்த்தது, அதற்குக் காலைதான் நேரம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் வந்துவிடுவதால், மதியத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாமல் சிற்பம் தெரியாது. வெயில் காலத்தில் தூரிகை காகிதத்தைத் தொட்ட கணமே ஈரம் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு நேரம் போனாலும் காயாது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு 1874இல் இங்கே வந்தவர் எட்வர்ட் லியர். ஆங்கிலக் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதியவர் என்று அறியப்பட்ட அதே லியர். பிழைப்பு என்னவோ நிலக்காட்சி ஓவியம்தான். அப்போது அவருக்கு 62 வயது. நம் கணக்கில் பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிட்ட வயது! அவருடைய பழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த இடத்தில் பென்சிலால் வேகமாக வரைவார். ஓரத்தில் ஊர், தேதி, பல சமயம் மணி கூடக் குறித்துவிடுவார். எந்த இடத்தில் என்ன நிறம் என்று வார்த்தையாலேயே எழுதிவைப்பார். மையும் வண்ணமும் பிறகு நிதானமாக. ஒரு நல்ல குமாஸ்தா இதைவிட ஒழுங்காக ரிக்கார்டு வைக்க முடியாது.

ஆனால் வெளிச்சத்தைப் பிடித்த இந்தக் காகிதங்களுக்கு வெளிச்சமே எமன். 1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து, பல வண்ணங்கள் மங்கிப்போகின்றன என்று அறிக்கை கொடுத்தார்கள். மங்குபவற்றில் நம் அவுரியும் ஒன்று. மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டி அவுரியோடு காவியைக் கலப்பது அன்றைய வழக்கம். காலப்போக்கில் அவுரி போய்விடும், காவி நிற்கும். மழை மேகமாக எழுதியது சாயங்கால வானம் போலச் சிவந்து காட்டும். பழைய படத்தை நம்பிச் சரித்திரம் பேசுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதி. மற்ற நாளெல்லாம் இருட்டுப் பெட்டிக்குள் தூக்கம்.

நம்மவர்கள் பெயரோடு இந்த வித்தையில் நிற்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. சென்னை ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். அதன் தலைமைக்கு ஓர் இந்தியர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வந்தது 1929இல். அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர், தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். இளமையில் அவர் பெயர் வாங்கியது நீர்வண்ண நிலக்காட்சிகளில்தான். பிறகு அந்தப் பள்ளிக்கே தலைவரானார். 1966இல் மாமல்லபுரம் போகும் சாலையில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். ஓவியர்களே பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். வேறு யாருக்காகவோ இந்தக் கரையை எழுதிய காலம் போய், எழுதுகிறவர்களுக்கே கரையில் ஒரு துண்டு நிலம் சொந்தமானது. அப்போது பணிக்கரின் ஓவியம் நிலக்காட்சியை விட்டுச் சொற்களுக்கும் குறிகளுக்கும் போய்விட்டிருந்தது என்பது வேறு கதை.

செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, ரிக்கார்டு ரூமில் பழைய கிராம வரைபடங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஏரிக்கு நீலம் தோய்த்திருப்பார்கள். கரை ஓரத்தில் கொஞ்சம் அழுத்தமாக, நடுவே போகப் போக வெளுத்து, நிஜத் தண்ணீர் போலவே இருக்கும். ஏரி என்று தெரிய ஒரே சீரான நீலம் போதுமே! அதற்கு மேல் எழுத எந்த ஜி.ஓ.வும் சொல்லவில்லை. யாரோ ஒரு டிராஃப்ட்ஸ்மேன் கொளவாய் ஏரியையோ வேறெந்த ஏரியையோ ஒரு காலை வேளையில் நின்று பார்த்திருக்கிறார். அவர் பெயரும் அதில் இல்லை.

உங்கள் வீட்டிலும் சர்வேயிலோ பொதுப்பணித் துறையிலோ வேலை பார்த்த ஒரு தாத்தா இருந்திருக்கலாம். பரணில் அவர் வரைந்த படம் இருந்தால் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். வெயில் விழும் சுவரில் மாட்டவும் வேண்டாம். நல்ல காகித உறைக்குள், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். முக்கியமாக, பின்பக்கத்தில் அவர் பெயர், ஊர், தெரிந்தால் வருஷம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை முன்பக்கம் ஊறிவிடும்.