சிறு ரசிகர் கூட்டத்தின் பொருளாதாரம்

ஒரு கலைப்படைப்பை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று சந்தை கேட்கிறது. அவர்கள் எவ்வளவு ஆழமாக விரும்புகிறார்கள் என்று அது பெரும்பாலும் கேட்பதில்லை. மேலைநாடுகளின் 'இண்டி பாப்' இசையும், வழக்கத்துக்கு மாறான தொலைக்காட்சி நகைச்சுவையும் இந்த இடைவெளியில் வளர்ந்தவை. எண்ணிக்கையில் சிறிய, ஈடுபாட்டில் பெரிய ரசிகர் கூட்டமே அவற்றைத் தாங்கி நிற்கிறது.

'இண்டி' என்பது, சாராதது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். தொடக்கத்தில் அது இசையின் பாணியைக் குறிக்கவில்லை. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராத உற்பத்தியையும் விநியோகத்தையுமே குறித்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' குழுவினர், ஏறத்தாழ 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டனர். முதலில் அச்சிட்ட 1,000 பிரதிகளும் விரைவில் தீர்ந்தன. பெருநிறுவனத்தின் தயவின்றி இசைத்தட்டு வெளியிட முடியும் என்பதைப் பிற இளைஞர்களுக்கு உணர்த்திய நிகழ்வு அது.

லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976-இல் தொடங்கிய 'ரஃப் டிரேட்' போன்ற கடைகள், இத்தகைய இசைத்தட்டுகளுக்கு விநியோக வழி அமைத்தன. பிரிட்டனில் 1980-இல் இண்டி இசைக்கெனத் தனித் தரவரிசைப் பட்டியலும் வந்தது. 1986-இல் 'என்எம்இ' வார இதழ் 'சி86' என்ற ஒலிநாடாவை வெளியிட்ட பிறகே, கிதார் ஒலி மேலோங்கிய, மெருகு குறைந்த, மென்மையான ஒரு பாணியின் பெயராகவும் 'இண்டி' நிலைபெற்றது.

தொலைக்காட்சியின் கணக்கு இன்னும் கடுமையானது. விளம்பர வருவாயை நம்பும் தொலைக்காட்சி விற்பது நிகழ்ச்சியை அல்ல, பார்வையாளர்களின் கவனத்தைத்தான். பொழுதுபோகாமல் பார்ப்பவரும், வாரம் முழுவதும் காத்திருந்து பார்ப்பவரும் அங்கே ஒரே எண்தான். ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' தொடர், 2004-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது. ஆயினும், பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை என்று 2006-இல் நிறுத்தப்பட்டது. 2013-இல் அதற்கு மறுவாழ்வு அளித்தது நெட்ஃபிளிக்ஸ். சந்தா முறையில், ஒரு தொடருக்காகவே பணம் செலுத்தத் தயாராக உள்ள ரசிகருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

இசையும் நகைச்சுவையும் இணைந்த 'ஃபிளைட் ஆஃப் தி கான்கார்ட்ஸ்' தொடரும் சந்தா அலைவரிசையான எச்பிஓ-வில்தான் 2007 முதல் 2009 வரை ஒளிபரப்பானது. நியூயார்க்கில் வாய்ப்புத் தேடி அலையும் இரு நியூஸிலாந்து இசைஞர்களின் கதை அது. கதையில் அவர்களை விடாமல் பின்தொடரும் ரசிகை ஒருவர் மட்டுமே. ஆனால், 'சப் பாப்' என்ற இண்டி நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அவர்களின் இசைத்தொகுப்பு, அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

தொழில்நுட்பம் சந்தையை விரிக்க விரிக்க, திறமையில் உள்ள சிறு வேறுபாடுகூட வருமானத்தில் மலையளவு வேறுபாடாக மாறும் என்று 1981-இல் விளக்கினார் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன். இதற்கு மாற்றாக, 2008-இல் கெவின் கெல்லி என்ற எழுத்தாளர் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். ஆண்டுக்கு 100 டாலர் செலவிடும் 1,000 உண்மையான ரசிகர்கள் இருந்தால், ஒரு கலைஞர் 1,00,000 டாலர் ஈட்டலாம் என்பது அது. ரசிகர் நேரடியாகக் கலைஞரிடம் இசையை வாங்க உதவும் 'பேண்ட்கேம்ப்' தளம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1999-இல் நிறுத்தப்பட்ட 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்ற நகைச்சுவைத் தொடரை மீட்க, 2015-இல் ரசிகர்கள் 57 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினர்.

எனினும், ரசிகரின் பணப்பையே போதும் என்று முடிவு கட்டிவிட இயலாது. ஏற்கெனவே நேசிக்கும் ஒன்றைத்தான் ரசிகர் மீட்க முடியும். இன்னும் பிறக்காத ஒன்றுக்கு ரசிகர் இல்லை. 1969-இல் 'மான்டி பைத்தான்' குழு தொலைக்காட்சியில் அறிமுகமானபோது அதற்கு ரசிகர் கூட்டம் கிடையாது. உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசி அதற்கு இடமளித்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், அக்குழுவின் 'லைஃப் ஆஃப் பிரையன்' திரைப்படத்துக்கு நிதி தருவதாக இருந்த இஎம்ஐ நிறுவனம் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. அப்போது, தன் சொத்தை அடமானம் வைத்துப் பணம் தந்தார் 'பீட்டில்ஸ்' ஜார்ஜ் ஹாரிசன். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே காரணம். விதை ஊன்றியது பொது நிதி. வாடாமல் காத்தது ரசிகரின் பற்று.

இன்று இந்த இரண்டுமே நெருக்கடியில் உள்ளன. எல்லாவற்றையும் எண்ணிக்கையால் அளக்கும் பழைய முறை, இணைய இசைத் தளங்களின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் உரிமத்தொகை கணக்கிடுவதில்லை. பேண்ட்கேம்ப் 2022, 2023 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் கைமாறி, ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை இழந்தது.

சிறுபான்மைச் சுவை ஒரு சமூகத்துக்கு ஆடம்பரம் அன்று. நாளைய பொதுச்சுவை பெரும்பாலும் அங்கிருந்தே முளைக்கிறது. எனவே, பொது ஊடகங்கள் தம் நிதியில் ஒரு பகுதியைப் பார்வையாளர் எண்ணிக்கை பாராமல் புதிய முயற்சிகளுக்கு ஒதுக்க வேண்டும். ரசிகர்களும் இலவசமாகக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், தாம் விரும்பும் கலைஞரின் படைப்பை ஆண்டுக்கு ஒன்றேனும் விலை கொடுத்து வாங்க வேண்டும்.