காதில் ஓயாத இரைச்சல்: ஒலியால் கிடைக்கும் நிவாரணம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ், கம்ப்ரஸர் சத்தத்தின் நடுவே பல வருடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். இரவில் விளக்கை அணைத்துப் படுத்ததும் காதுக்குள் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் தொடங்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அது கேட்காது. அதனாலேயே வீட்டில் பலர் இதை நம்புவதில்லை. மருத்துவத்தில் இதற்குப் பெயர் டினிடஸ்.

பெரும் சத்தத்தாலோ முதுமையாலோ உள்காதின் நுண்ணிய மயிர் செல்கள் அழிகின்றன. அவை திரும்ப வளர்வதில்லை. காதிலிருந்து வரும் ஒலி குறைந்ததும் மூளை தன் 'வால்யூமை'க் கூட்டிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது பரவலான விளக்கம். ஆகவேதான் அமைதியான அறையில் தொல்லை அதிகம். ஆவடி மார்க்கெட் கூட்டத்தில் அது பலருக்கு நினைவுக்கே வராது.

ஒலிச் சிகிச்சை இதையே பயன்படுத்துகிறது. படுக்கையறையில் மின்விசிறி ஓசை, கைப்பேசியில் மெல்லிய மழைச் சத்தம், நிலையம் கிடைக்காத ரேடியோவின் 'உஸ்' போதும். ஆனால் இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்கும்படி, அதைவிடச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும். மூளை மெல்லப் பழகி அதைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்பதே 1990-ல் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கருத்து. இதற்கு மாதங்கள் ஆகலாம். இயர்போனில் சத்தமாகக் கேட்பது இருக்கிற செவியையும் கெடுக்கும்.

கேட்கும் திறனும் குறைந்திருந்தால் முதல் தேவை செவித்துணைக் கருவி. வெளி ஒலிகள் திரும்பக் கேட்கத் தொடங்கியதும் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது.

இது குணமாக்கும் வைத்தியம் அல்ல. 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஒலிக் கருவிகள் மற்ற வழிகளைவிட மேலானவை என்பதற்குச் சான்று இல்லை என்றது. விலை உயர்ந்த கருவிக்குக் கடன் வாங்குமுன் மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள்! ஜிங்கோ மாத்திரைகளையும் 2014-ன் அமெரிக்க மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. மன உளைச்சலைக் குறைக்கும் சிபிடி என்ற ஆலோசனை முறையை அது பரிந்துரைக்கிறது.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் செவித்திறன் துறை இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்தில் சொல்லிப் பரிந்துரை பெறலாம். இரைச்சலால் வரும் காது கேளாமை, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். ஆகவே ஆலையில் வேலை செய்வதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து வரும் சத்தம், தலைசுற்றல் இருந்தால் வீட்டு முறையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும். தாமதித்தால் மருந்து பலன் தரும் வாய்ப்பு குறைகிறது.