ஸ்டெப் எழுதாதவரின் மூன்று அறிக்கைகள்

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூரில் பி.ஈ. முதல் வருஷம் படிக்கிறேன். கிளாஸ் டெஸ்டில் ஒரு தொகையீடு, அதாவது இன்டக்ரேஷன் கணக்கு: 1-ஐ எக்ஸின் வர்க்கமூலத்தாலும் (1 + எக்ஸ்)-ஆலும் வகுத்து, 0 முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டும். விடை 'பை' என்று கைடில் பார்த்த ஞாபகம். அதை மட்டும் எழுதி வைத்தேன். பத்துக்கு ஒரு மார்க்.

"விடை சரிதானுங்க சார்?"

"சரிதான் கண்ணு. அது உன்ரதுன்னு நான் எப்படி நம்பறது?"

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன். எக்ஸுக்குப் பதிலாக டேன் தீட்டாவின் வர்க்கத்தைப் போட்டால் எல்லாம் அடிபட்டு வெறும் 2 மிஞ்சுகிறது. 0 முதல் பை/2 வரை தொகையிட்டால் பை. சந்தோஷத்தில் வர்க்கமூலத்தைக் கனமூலமாக மாற்றிப் பார்த்தேன். டேன் வித்தை அங்கேயே நின்றுவிட்டது.

பல வருஷம் கழித்து, இதே வகைக் கணக்குகளை மொத்தமாகத் தீர்க்கும் ஒரு வழியைப் படித்தேன். கண்டுபிடித்தவர் நம்ம ஈரோட்டில், பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்த ராமானுஜன்.

ராமானுஜனின் நோட்டுகளில் விடைகள்தான் அதிகம், நிறுவல்கள் அபூர்வம். எஃப்.ஏ. தேர்வில் 1906-லும் 1907-லும் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: மூன்று மாசத்துக்கு ஒரு அறிக்கை தர வேண்டும். 1914 மார்ச்சில் கப்பல் ஏறும் முன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அவற்றில் விடையோடு வழியும் இருக்கிறது!

முதல் அறிக்கையில் இருப்பதைத்தான் இன்று 'ராமானுஜனின் மாஸ்டர் தேற்றம்' என்கிறார்கள். 1/(1 + எக்ஸ்) என்பதைத் தொடராக விரித்தால் 1, கழித்தல் எக்ஸ், கூட்டல் எக்ஸ் வர்க்கம் என்று போகும். அதன் கெழுக்கள் எந்த விதிப்படி வருகின்றன என்று பார். 0, 1, 2 என்ற எண்களுக்கான அந்த விதியில், துணிந்து குறை எண்ணைப் போடு. காமா சார்பால் பெருக்கு. தொகையீட்டின் மதிப்பு வந்துவிடும். என் கனமூலக் கணக்குக்கு இரண்டு பையை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தது விடை. இரண்டே வரி.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தத் தொடர் எக்ஸ் 1-ஐத் தாண்டினால் செல்லாது. நாம் போவதோ முடிவிலி வரை. முழு எண்களுக்குப் பொருந்தும் விதியைப் பின்னத்துக்கு நீட்டுவதும் எப்போதும் சரியாக வராது. ராமானுஜன் காட்டிய நிறுவல் இன்றைய கண்டிப்புக்கு நிற்காது. எந்த நிபந்தனைகளில் தேற்றம் செல்லும் என்பதைப் பிற்பாடு ஹார்டி நிறுவினார்.

ஆனால் வழியை எழுதி வைத்ததால்தான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது, அடைக்கவும் முடிந்தது. புரூஸ் பெர்ண்ட் 1985-ல் நோட்டுகளின் முதல் பாகத்தைப் பதிப்பித்தபோது இந்த அறிக்கைகளையும் சேர்த்தார்.

இப்போது ஆபீசில் ஜூனியர் பையன் "கோட் ஓடுதுங்க சார்" என்கிறான். "சரிதான். ஏன் ஓடுதுன்னு ரெண்டு வரி எழுது கண்ணு" என்கிறேன். அந்த ஒன்பது மார்க் எங்கே போச்சுன்னு இப்பத்தான் புரியுது.